வெள்ளத்தில் உதவப் போனேன், நோயோடு திரும்பினேன்: வைத்தியச் செலவை யாரிடம் கேட்பது?

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கமிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

அவருக்கு வயது 44, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்கு உதவப் போனவர்களில் ஒருவர். முதல் இரண்டு நாள் முதலாளியே கம்பெனி லாரியைக் கொடுத்து இவரோடு சேர்த்து ஐந்து பேரை அனுப்பியிருக்கிறார், சம்பளத்தை வெட்டவில்லை. அதன்பிறகு லீவு போட்டுவிட்டுக் கோயில் இளைஞர் குழுவோடு போயிருக்கிறார். கூரையில் நின்றவர்களைப் படகில் ஏற்றியது, தண்ணீர் வடிந்தபின் வீடு வீடாகச் சேறு அள்ளியது, ஜன்னல் திறக்க முடியாத கீழ்த்தளத்தில் டீசல் பம்ப் ஓட்டியது எல்லாம் செய்திருக்கிறார். கொண்டுபோன முகக்கவசம் முதல் நாளே நனைந்துவிட்டது. ஒரு வீட்டில் இறந்து கிடந்த முதியவரின் உடலை இவரும் இன்னொருவரும் வெளியே தூக்கி வந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இருமல் விடவில்லை, இரவில் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதே குழுவில் போன தினக்கூலி நண்பர் எலிக் காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்ப் பிழைத்தவர், ஆனால் வேலை போய்விட்டது. ஸ்ரீ மூடாவிலேயே குடியிருக்கும் இவருடைய அத்தைக்கு மழை பிடித்தாலே கைகால் நடுங்குகிறது. "நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் மீட்பு வேலை செய்தவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் ஆயுசுக்கும் வைத்தியம் பார்க்கிறதாமே, நம் நாட்டிலும் அப்படி ஒரு நிதி வேண்டும் என்று 40 பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்புவது? கேஸ் போட முடியுமா? மாசாமாசம் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டுகிறேனே, அதில் வராதா? என் மனைவி, 'யாரும் கூப்பிடவில்லை, நீங்களாகப் போனீர்கள், இப்போது காசு கேட்டால் அசிங்கம்' என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரரே, உங்கள் மனைவி சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எண்ணம் உங்களுக்குள்ளும் பாதி இருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. இதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. அந்த டிசம்பரில் மீட்புப் படகுகள் போதாமல் மக்கள் கூரைமேல் காத்துக் கிடந்தார்கள், அந்த இடைவெளியை நிரப்பியது உங்களைப் போன்றவர்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை நீங்கள் உங்கள் உடம்பால் செய்தீர்கள். அந்த உடம்புக்கு வைத்தியம் கேட்பது பிச்சையும் இல்லை, செய்த உதவிக்குக் கூலியும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று புள்ளிவிவரத் துறை கணக்குப் போட்டு அறிக்கை வெளியிட்டது. வீடுகளுக்கு இவ்வளவு, வாகனங்களுக்கு இவ்வளவு, தொழிற்சாலைகள், கடைகள், விவசாயம், பொதுச் சொத்து என்று தனித்தனித் தலைப்பு இருந்தது. நோய்க்கு என்று ஒரு தலைப்பு இல்லை. வெள்ளம் பாதித்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 1,000 வெள்ளி வாங் இஹ்சான் உதவிப் பணமும் வீட்டுக்கு வந்த சேதத்தை மனதில் வைத்துக் கொடுத்ததுதான். யாரும் வேண்டுமென்று மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சோபா நனைந்ததைப் படம் பிடிக்க முடிந்தது, நுரையீரலில் என்ன போயிற்று என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாததற்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க யாருக்கும் தோன்றாது. உங்கள் மனுவின் முதல் பிரச்சினையே இதுதான், அதனால் கீழே எதைச் சொன்னாலும் எழுதி வைப்பதற்கே திரும்பத் திரும்ப வருவேன்.

மனுவுக்கு முன்னால் உங்கள் உடம்பு

நான் வக்கீல், டாக்டர் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பயம் கொடுத்த விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டதே இல்லை. இனிப்புநீர் உள்ளவர், இரண்டு வாரத்துக்கு மேல் வெள்ளச் சேற்றில் நின்றிருக்கிறார், இருமல் நிற்கவில்லை, ஆனால் கிளினிக்கில் இன்ஹேலர் வாங்கிக்கொண்டு வந்ததோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள்.

2010-ல் பகாங்கில் லுபுக் யூ என்ற இடத்தில் தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேட மீட்புப் படையினரும் கம்பத்து (கிராமத்து) மக்களும் இறங்கினார்கள். அதன்பிறகு அவர்களில் பலருக்குக் காய்ச்சல் வந்தது. மண்ணிலும் சேற்று நீரிலும் இருக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியும், சிலருக்கு அதோடு எலிக் காய்ச்சலும் சேர்ந்து தாக்கி எட்டுப் பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் உதவிக்கு இறங்கிய கம்பத்துக்காரர்கள். மெலியோய்டோசிஸ் யாரை அதிகம் கொல்லும் என்றால், இனிப்புநீர் உள்ளவர்களை. அது உடனே வராமல் மாதக்கணக்கில் கழித்து, அரிதாக வருடக்கணக்கில் கழித்தும் தலைகாட்டலாம், அப்படி வரும்போது காசநோய் மாதிரியே தெரியும்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், வயிற்று அமிலம் மேலே ஏறுவதாகக்கூட இருக்கலாம், வெள்ளத்துக்குச் சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம். "வெள்ளத்தால்தான் வந்தது" என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள், அது இன்னும் நிரூபணமாகவில்லை, மனுவிலும் இப்போதைக்கு அப்படி எழுத வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் போய், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை நாள், என்ன வேலை, டீசல் புகை, பூஞ்சணம், சேறு என்று எல்லாவற்றையும் சொல்லி, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மூச்சு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எல்லாம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தேவைப்பட்டால் ஜாலான் பஹாங்கில் உள்ள சுவாச நோய்க் கழகத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளிதான். நீங்கள் சொன்னதை டாக்டர் உங்கள் கோப்பில் எழுதுகிறாரா என்று மரியாதையாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கோப்பில் இல்லாததைப் பின்னால் எந்த மருத்துவ போர்டும் நம்பாது. சொக்சோ மேல்முறையீடுகளில் ஆட்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நோய் பொய் என்பதால் இல்லை.

40 வயது தாண்டிவிட்டீர்கள், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு. அந்தத் தினக்கூலி நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேஸ் போடலாமா?

போடலாம் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்க ஆள் கிடைப்பார். என் கருத்து, இந்த நோய்க்காக அரசாங்கத்தின் மேல் கேஸ் என்ற பாதை உங்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது.

அரசாங்கத்தின்மீதும் பொது அமைப்புகள்மீதும் நஷ்டஈடு கேட்டுப் போடும் வழக்குக்கு, 1948-ஆம் வருடத்துப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 36 மாதம்தான் அவகாசம். 2021 டிசம்பரிலிருந்து எண்ணினால் அது 2024 டிசம்பரோடு போய்விட்டது. தனியார்மீது என்றால் 1953-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டத்தில் ஆறு வருடம் உண்டு, ஆனால் உங்கள் விஷயத்தில் எந்தத் தனியார் தவறு செய்தார் என்று காட்டுவீர்கள்? "நோய் தெரிய வந்த நாளிலிருந்துதானே கணக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-ல் அமலுக்கு வந்த திருத்தம் ஒன்று பிற்பாடு தெரியவரும் சேதத்துக்குக் கூடுதல் அவகாசம் தருகிறது, உண்மைதான். ஆனால் அது உடல் காயம் சம்பந்தப்படாத கவனக்குறைவு வழக்குகளுக்கு மட்டும். வீட்டுச் சுவரில் மறைந்திருந்த விரிசலுக்குச் சட்டம் கொடுத்த அவகாசத்தை நுரையீரலுக்குக் கொடுக்கவில்லை. இது நியாயமில்லை என்று நான் வெளிப்படையாகவே நினைக்கிறேன், மாற்ற வேண்டிய சட்டங்களில் ஒன்று இது.

காலக்கெடு இருந்தாலும் பொறுப்பை நிரூபிப்பது லேசு இல்லை. 1993 டிசம்பர் 11-ல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் இறந்தார்கள். இடியாமல் நின்ற மற்ற இரண்டு கட்டடங்களின் வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கு 2006-ல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய், இடிவதற்கு முந்தைய விஷயங்களுக்கு நகராட்சி பொறுப்பில்லை, சட்டம் அதற்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது என்று முடிந்தது. 12 வருடத்துக்கு மேல் கழித்து வந்த பதில் அது. உங்கள் காசையும் சக்தியையும் அந்தப் பக்கம் போடாதீர்கள்.

சொக்சோ எதுவரை வரும்

"சொக்சோ கட்டுகிறேன், அது பார்த்துக்கொள்ளும்" என்பது பாதி சரி. வேலையால், வேலை நேரத்தில் வந்த காயத்துக்கும் நோய்க்கும்தான் வேலை விபத்துத் திட்டம். நீங்கள் லீவு போட்டுவிட்டுக் கோயில் குழுவோடு போன நாட்கள் அதில் வராது. வேலை இடத்திலேயே தீயோ வெள்ளமோ வந்து அங்கே ஒருவரைக் காப்பாற்றப் போய் அடிபட்டால் வரும், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய ஒரு வரி இருக்கிறது. முதல் இரண்டு நாள் முதலாளி லாரி கொடுத்து அனுப்பினார், சம்பளம் கிடைத்தது. அப்படியென்றால் அந்த இரண்டு நாள் நீங்கள் முதலாளி சொன்ன வேலையைத்தான் செய்தீர்கள் என்று வாதிட வழி இருக்கிறது. ஜெயிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், நோய் அந்த இரண்டு நாளில்தான் வந்தது என்று காட்டுவது கஷ்டம், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பார்கள், ஏனென்றால் வேலை விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இருந்தாலும் உங்களை அனுப்பிய தேதி, லாரி நம்பர், போன ஐந்து பேரின் பெயர் போட்டு முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள், பரிசோதனை முடிவு கையில் வந்ததும் எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள். கவுண்டரில் வாய்வார்த்தையாக "வராது" என்றால் திரும்பி வந்துவிட வேண்டாம். எழுத்தில் மறுப்பு வந்தால்தான் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு பகுதி, உடல் செயலிழப்புத் திட்டம், மலாயில் கெய்லாத்தான் என்பார்கள். இது 24 மணி நேரமும் உண்டு, நோய் வேலையால் வந்ததா என்ற கேள்வியே கிடையாது. 60 வயதுக்குள் இருக்க வேண்டும், சந்தா போதிய மாதங்கள் கட்டியிருக்க வேண்டும், சாதாரணமாக ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத அளவுக்கு உடம்போ மனமோ முடங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் உங்கள் 40 பேரில் யாராவது வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு இதை உடனே சொல்லுங்கள்.

தினக்கூலி நண்பருக்குத்தான் ஒன்றுமே இல்லாமல் போகிறது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான 2017-ஆம் வருடச் சட்டத்தில் அவர் சேர்ந்திருந்தாலும், அது அவருடைய தொழிலில் வரும் விபத்துக்குத்தான், சேறு அள்ளப் போனதற்கு இல்லை. ஆக, சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை, எந்தப் படையின் பட்டியலிலும் பெயர் இல்லை, இப்படிப்பட்டவர்தான் நம் வெள்ளங்களில் முதலில் தண்ணீரில் இறங்குகிறார், இவருக்குத்தான் சட்டத்தில் இடம் இல்லை. உங்கள் மனு இவரை நடுவில் வைத்து எழுதப்பட வேண்டும்.

நியூயார்க்கில் நடந்தது நீங்கள் நினைப்பது போல இல்லை

அமெரிக்க அரசாங்கம் தானாக மனமிரங்கிக் கொடுத்தது என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2001 செப்டம்பர் 11 நடந்து ஒரே வாரத்தில், காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் துறைத் தலைவர் அறிவித்தார். கான்கிரீட், கண்ணாடி நார், கல்நார் எல்லாம் கலந்த தூசியில் மாதக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன, அப்புறம் புற்றுநோய் வந்தது. அந்த வேலைக்குப் பின் நோயுற்று 2006-ல் இறந்த நியூயார்க் போலீஸ்காரர் ஜேம்ஸ் சட்ரோகாவின் பெயரில், வைத்தியத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் சட்டம் வந்து கையெழுத்தானது 2011 ஜனவரியில்தான். கிட்டத்தட்ட பத்து வருடம். அதுவும் ஐந்து வருடத்துக்கு மட்டும். சிகிச்சை கிடைக்கும் நோய்களின் பட்டியலில் புற்றுநோய் சேர்ந்தது 2012-ல். 2015-ல் மறுபடி வாஷிங்டனுக்குப் போய் மல்லுக்கட்டி மருத்துவத் திட்டத்தை 2090 வரை நீட்டினார்கள். தனியாக இருந்த நஷ்டஈட்டு நிதியில் பணம் தீர்ந்துபோகும் என்று 2019 பிப்ரவரியில் தொகையைப் பாதியாகவும் அதற்கும் குறைவாகவும் வெட்டினார்கள், நோயாளிகள் சக்கர நாற்காலியில் வந்து சாட்சி சொன்னபிறகு ஜூலையில் அதற்கும் சட்டம் வந்தது.

அவர்களுக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? நியூயார்க் தீயணைப்புத் துறை தன் வீரர்களுக்கு வழக்கமாக மூச்சுப் பரிசோதனை எடுத்து வைத்திருந்தது. செப்டம்பருக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அதே ஆளின் எண்ணை வைத்துக் காட்ட முடிந்தது, ஒரே வருடத்தில் பெரிதாகக் குறைந்ததும் வருடங்கள் போனாலும் அது திரும்பி வராததும் ஆராய்ச்சியில் வந்தது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் ஆபீசுக்கு வந்து போனவர்களுக்கும் அப்படிப்பட்ட பழைய பதிவு இல்லை, அவர்கள் நம்ப வைக்க இன்னும் அதிகம் போராட வேண்டியிருந்தது. உங்கள் அத்தையும் நண்பரும் அந்த இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள்.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

"பேரிடர் நிதி ஒதுக்க வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதி 40 கையெழுத்தோடு அனுப்பினால் நன்றிக் கடிதம் வரும், அதோடு சரி. ஓர் அதிகாரி படித்துவிட்டு "இதை நாளைக்கே செய்யலாம்" என்று சொல்லும்படி பிரித்துக் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது ஒரு பதிவேடு: ஒவ்வொரு பேரிடர் முடிந்ததும் அங்கே வேலை செய்தவர்கள், தன்னார்வலர்கள், சிக்கியிருந்தவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உட்பட எல்லார் பெயரும் தேதியோடு ஓர் இடத்தில் பதிவாக வேண்டும், அதைப் பேரிடர் நிர்வாகப் பொறுப்பில் உள்ள நட்மாவும் சுகாதார அமைச்சும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும். அதில் பெயர் உள்ளவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஆண்டுதோறும் கிளினிக்கில் பரிசோதனை, நிபுணரைப் பார்க்க வரிசையில் முன்னுரிமை, போக்குவரத்துச் செலவு. நம் ஊரில் 1 வெள்ளி கட்ட முடியாமல் யாரும் வைத்தியத்தை விடுவதில்லை. மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு நாள் கூலி போவதும்தான் ஆட்களை விரட்டுகிறது, மனுவில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இரண்டாவது, சொக்சோ. பேரிடர் சமயத்தில் பதிவுசெய்துகொண்ட தன்னார்வலருக்கு அந்த நாட்களுக்கு அரசாங்கமே சந்தா கட்டி வேலை விபத்துப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இது ஆகாத காரியம் இல்லை. 2017-ல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு, 2019-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, 2022-ஆம் வருடச் சட்டத்தில் இல்லத்தரசிகளுக்கு என்று அந்த வாசல் ஏற்கனவே குறைந்தது மூன்று முறை அகலமாகியிருக்கிறது. புதிதாக ஒரு நிதியை உருவாக்கச் சொல்வதைவிட, இருக்கும் திட்டத்தில் இன்னொரு வகை ஆட்களைச் சேர்க்கச் சொல்வது அமைச்சில் சீக்கிரம் நகரும். மூன்றாவது கொஞ்சம் கடினமானது: எலிக் காய்ச்சல், மெலியோய்டோசிஸ் போன்ற நோய்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால், வெள்ள வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது என்று விதி வேண்டும். படுக்கையில் கிடப்பவர் எந்த வீட்டுச் சேற்றில் கிருமி இருந்தது என்று எப்படி நிரூபிப்பார்?

யாரிடம் என்றால், முதலில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம். மனுவை மட்டும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அவரை மக்களவையில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 2021 வெள்ளத்தில் எத்தனை தன்னார்வலர்கள் பதிவானார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் மருத்துவப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேருக்கு எந்தத் திட்டத்தில் உதவி கிடைத்தது? அமைச்சர் கொடுக்கும் பதில் அதிகாரபூர்வப் பதிவாகிவிடும். "கணக்கு இல்லை" என்பதே பதிலாக வந்தாலும் அது உங்கள் மனுவுக்கு நீங்கள் தேடக்கூடிய மிகச் சிறந்த ஆதாரம். அதே பிரதியை சுகாதார அமைச்சு, நட்மா, சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினர் மூவருக்கும் அனுப்புங்கள். பட்ஜெட் அக்டோபர் வாக்கில் தாக்கலாகும், நிதியமைச்சு அதற்குச் சில மாதங்கள் முன்பே பொதுமக்களிடம் யோசனை கேட்கும், உங்கள் கோரிக்கை அந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். செப்டம்பரில் கொடுத்தால் அந்த வருடத்துக்கு வேலைக்கு ஆகாது.

அந்த 40 கையெழுத்தைப் பற்றி. கையெழுத்தைவிட ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும். எந்தத் தேதி, எந்தச் சாலை, என்ன வேலை, முகக்கவசமும் பூட்ஸும் இருந்ததா, முதல் அறிகுறி எப்போது, அதற்கு முன்பே என்ன நோய் இருந்தது, எங்கே வைத்தியம், எத்தனை நாள் சம்பளம் போனது. முன்பிருந்த நோயை மறைக்காதீர்கள், சிகரெட்டையும் மறைக்காதீர்கள், ஒருவர் மறைத்தது வெளியே வந்தால் மற்ற 39 பேர் மேலும் சந்தேகம் விழும். போனில் உள்ள தேதியிட்ட படங்கள், வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் அழியும் முன் எடுத்து வையுங்கள். ஆனால் அடையாள அட்டை எண்ணையும் நோய் விவரத்தையும் குரூப்பில் போட வேண்டாம், ஒருவரே தாள்களை வாங்கிப் பூட்டி வைக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கை, சுருக்கமாக. ஃபேஸ்புக்கில் எந்த அதிகாரியையோ கம்பெனியையோ பெயர் சொல்லிக் கொலைகாரர் என்றெல்லாம் எழுதாதீர்கள், அவதூறு வழக்கு வந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். செலவுக்கு என்று பொதுமக்களிடம் உண்டியல் நீட்டவும் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும். அப்புறம் யாராவது உதவித்தொகை கொடுத்து ரசீதில் கையெழுத்துக் கேட்டால், இதோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

இரவில் எழுந்து உட்காருவது

இதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு, "ஆண்பிள்ளை இதையெல்லாம் சொல்லக்கூடாது, வேலையும் போய்விடும்" என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள். அந்த முதியவரைத் தூக்கி வந்ததை இதுவரை மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை என்று புரிகிறது. டாக்டரிடம் சொல்வது முதலாளிக்குப் போகாது, அது ரகசியம் காக்க வேண்டிய விஷயம். பேரிடர் பார்த்தவர்களுக்கு இது வரும், சம்பளம் வாங்கும் மீட்புப் படையினருக்கும் வரும், நியூயார்க் திட்டத்தில் ஆரம்பம் முதலே மன அதிர்ச்சிக்கும் சிகிச்சை உண்டு. கிளினிக் டாக்டரிடம் இருமலோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்தில் உள்ள மென்தாரி என்ற அரசாங்க மனநல மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் எப்படிப்பட்ட எண்ணம் வந்தாலும் போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. அத்தைக்கும் இதே வழிதான். அவரைத் தனியாகப் போகச் சொல்லாதீர்கள், முதல் தடவை யாராவது கூடப் போங்கள்.

உங்கள் மனைவி காசைப் பற்றிப் பேசியது போலத் தோன்றினாலும், அவர் இரவில் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போங்கள், எப்போது எழுகிறீர்கள், எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று டாக்டருக்குச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

முதலில் இந்த வாரமே கிளினிக், அப்புறம் முதலாளியின் கடிதம், அதற்குப் பிறகு அந்த 40 பக்கங்கள். பக்கங்கள் தயாரானதும் எனக்கு எழுதுங்கள், நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டிய கேள்வியை மலாயில் நான் எழுதித் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.